தொழில் வரி: காவலாளிக்கும் மேலாளருக்கும் ஒரே தொகையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊழியர் சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒரு முறை பிடித்து மாநகராட்சி போன்ற உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டிய தொழில் வரியைப் பாக்கி வைத்திருக்கும் நிறுவனங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஊழியரிடம் பிடித்துக்கொண்டு உள்ளாட்சிக்குக் கட்டாமல் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் போகட்டும், அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் யாரிடம் எவ்வளவு பிடிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால் எழுதுகிறேன்.

மாதம் 13,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு காவலாளியை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) முக்கால் சதவீதம், 98 ரூபாய். மிச்சம் 11,342. தொழில் வரி பிடிக்கிற மாதம் வந்தால் அதிலும் 1,250 குறைந்து 10,092 தான் கைக்கு வரும். அவருடைய ஆறு மாத வருமானம் 78,000. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டிவிட்டாலே உச்ச வரிதான். அதே ஊரில் மாதம் இரண்டு லட்சம் வாங்கும் மேலாளருக்கும் அரையாண்டுக்கு அதே 1,250. அவர் பழைய முறையில் வருமான வரி கட்டுபவராக இருந்தால், இந்தத் தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத காவலாளிக்கு எதில் கழிப்பது?

இதற்கு மாநகராட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக்கூடாது என்கிறது. 250 ஆக இருந்த உச்சவரம்பு 1988-இல் 60-ஆவது திருத்தத்தின் மூலம் 2,500 ஆனது. அதோடு நின்றுவிட்டது. 12,000 ஆக உயர்த்தலாம் என்று, மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பகிர்வுக்குப் பரிந்துரை செய்யும் 14-ஆவது நிதிக்குழு சொல்லிப் பார்த்தும் பலனில்லை. உச்சவரம்பு நகராது, ஆனால் உள்ளாட்சிக்கு வருமானம் கூட வேண்டும். நம் மாநிலச் சட்டமோ ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரியை 25 முதல் 35 சதவீதம் வரை உயர்த்தச் சொல்கிறது. அப்புறம் என்ன நடக்கும்? 2024 ஜூலையில் சென்னை மாமன்றம் செய்ததுதான் நடக்கும். வருமானப் படிக்கு ஏற்ற அரையாண்டு வரியில் 135 ரூபாய் 180 ஆனது, 315 என்பது 425 ஆனது, 690 என்பது 930 ஆனது. மேலே இருந்த 1,025, 1,250 இரண்டும் அப்படியே இருந்தன. உயர்த்தப்பட்ட மூன்று படிகளும் மாதம் 10,000 ரூபாயைத் தாண்டாதவர்களுடையவை.

விலக்கு வரம்பு இதைவிட வேடிக்கை. அரையாண்டுக்கு 21,000 வரை வரி இல்லையாம். மாதத்துக்கு 3,500 ரூபாய்! குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி முழுநேர ஆளை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளம் கொடுக்கவே முடியாது. ஆக, சட்டத்தை மதிக்கும் முதலாளியிடம் முழுநேரம் வேலை செய்யும் யாருக்கும் இந்த விலக்கால் பயனில்லை. இ.எஸ்.ஐ. வரம்பும் 21,000 தான், ஆனால் அது மாதக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "நம்ம ஆட்கள் யாருக்கும் தொழில் வரி வராதே சார்" என்று சொல்லும் முதலாளிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்தில் கர்நாடகத்தில் மாதம் 25,000-க்குக் கீழே சம்பளம் வாங்குபவர் இந்த வரியே கட்ட வேண்டாம். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 15,000 வரை விலக்கு. அங்கெல்லாம் மாநில அரசு வசூலிக்கிறது, இங்கே உள்ளாட்சி வசூலிக்கிறது என்பார்கள். இருக்கட்டும். வருமானப் படிகள் இங்கேயும் மாநிலச் சட்டத்தில்தானே இருக்கின்றன?

இன்னொரு சிக்கல் ரசீது. பத்துப் பேருக்குப் பிடித்ததை முதலாளி மொத்தமாகக் கட்டுவார், அவர் பெயரில் ஒரே ரசீது வரும். அரையாண்டின் நடுவே, ஆகஸ்டில் வேலை மாறிப் போகிறவரிடம் புது இடத்தில் "கட்டியதற்கு அத்தாட்சி இருக்கிறதா" என்று கேட்டால் அவரிடம் காட்ட எதுவும் இருக்காது. ஒரே அரையாண்டுக்கு இரண்டு இடத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. பி.எஃப்.-இல் ஒவ்வொரு தொழிலாளியும் தன் கணக்கில் எவ்வளவு ஏறியது என்று கைபேசியில் பார்க்கிறார். தொழில் வரிக்கு மட்டும் அது ஏன் முடியாது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, சம்பளம் தொடர்பான எல்லாமே ஒரே குடைக்குள் வந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். தொழில் வரி அதில் இல்லை. அதை மாற்ற வேண்டுமானால் சென்னையிலும் டெல்லியிலும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

நான் வரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவிளக்குக்கும் குப்பை அள்ளுவதற்கும் பணம் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும். 276-ஆவது பிரிவைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கையில், அதற்குக் காலம் பிடிக்கும். விலக்கு வரம்பை உயர்த்த மாநில அரசு யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. குறைந்தபட்சக் கூலி வாங்குபவர் வரிக்கு வெளியே இருக்கும்படி அதை வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே மாற்றலாம்; ஊழியர் பெயரிலேயே ரசீது தரும்படி உள்ளாட்சிகளுக்கு உத்தரவும் போடலாம்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் போடும் ஒரு வாசகர்,
சென்னை.