யூதக் குழந்தைகள் நூலகங்களுக்கு விலங்குக் கதைகள் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நூல் தெரிவுக் குழுவினருக்கு,

வணக்கம். யூதப் பள்ளிகளிலும் ஜெப ஆலயங்களிலும் இயங்கும் குழந்தைகள் நூலகங்களுக்கு, நற்பண்பு வளர்க்கும் விலங்குக் கதைகள் தேர்ந்தெடுக்கப்படும் முறை குறித்து இந்த மடலை எழுதுகிறேன். நான் யூத சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். பொது நூலகம் ஒன்றின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் தமிழன். ஆயினும் பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு உங்கள் அலமாரியைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இவ்வகை நூல்கள் பெரும்பாலும் பண்பின் பெயரைச் சொல்லியே விற்கப்படுகின்றன. பகிர்தலுக்கு ஒரு கரடி, பொறுமைக்கு ஓர் ஆமை, மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முயல். வாங்குகிறவர்களும் பின்னட்டையில் எந்தப் பண்பு அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பட்டியலில் விடுபட்டதை நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கரடியை எடுத்துவிட்டு, அது நின்ற இடத்தில் ஒரு சிறுவனை நிறுத்திக் கதையைப் படித்துப் பாருங்கள். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றால், அந்தப் புத்தகத்தில் விலங்கு என்று எதுவுமே இல்லை என்று பொருள். கரடியின் தலையில் யூதர் அணியும் கிப்பா தொப்பியை வரைந்து, மேசையில் ஓய்வு நாளான சப்பாத்தின் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் நிலைமை மாறாது.

உங்கள் மரபின் சொந்தக் கதைகளை இதே சோதனைக்கு உட்படுத்தினால் வேறு விடை கிடைக்கிறது. வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவைத் தொகுத்த ரபீ (சமய ஆசான்) யெஹூதா ஹநாசியைப் பற்றி, அதன் விரிவுரை நூலான தல்மூத் சொல்லும் கன்றுக்குட்டிக் கதையை நீங்கள் அறிவீர்கள். வெட்டுவதற்காக இழுத்துச் செல்லப்பட்ட கன்று ஒன்று ஓடி வந்து அவருடைய ஆடையின் மடிப்பில் தலையை நுழைத்துக்கொண்டு அழுகிறது. ‘போ, இதற்காகத்தானே நீ படைக்கப்பட்டாய்’ என்கிறார் அவர். இரக்கம் காட்டாத அவர்மேல் துன்பம் வரட்டும் என்று வானில் முடிவாகிறது. 13 ஆண்டுகள் அவர் நோயில் கிடக்கிறார். பிறகு ஒரு நாள் பணிப்பெண் வீட்டைப் பெருக்கும்போது மரநாய்க் குட்டிகளையும் சேர்த்து வெளியே தள்ளப் பார்க்கிறாள். ‘அவற்றை விட்டுவிடு, கடவுளின் இரக்கம் அவர் படைத்த அனைத்தின் மேலும் உள்ளது என்று எழுதியிருக்கிறதே’ என்று ரபீ தடுக்க, நோய் நீங்குகிறது.

இந்தக் கதை ஏன் கனக்கிறது என்று பாருங்கள். உண்பதற்காக விலங்கை வெட்டுவதை உங்கள் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே ரபீ சொன்னது சட்டப்படி பிழையன்று. மேலும் அவர் சாதாரண மனிதரல்லர், தம் காலத்து யூதர்களின் தலைவர். அப்படிப்பட்டவர், சரியான ஒரு வாக்கியத்தை, தம் மடியில் முகம் புதைத்து நிற்கும் ஓர் உயிரிடம் சொல்லக்கூடாத வேளையில் சொன்னார் என்பதே குற்றமாகிறது. ‘அப்படியானால் இறைச்சி உண்பது தவறா?’ என்று எட்டு வயதுக் குழந்தை நிச்சயம் கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் கன்றை விட்டுவிட்டு மரநாய்க் குட்டிகளை மட்டும் வைத்து இந்தக் கதையை இனிப்பாக்கத் தோன்றும். பெரியவரின் தவறு நீங்கிவிட்டால் அவர் மனம் மாறியதற்கும் பொருளில்லை. அப்படிச் சுருக்கிய பதிப்பு உங்கள் மேசைக்கு வந்தால் வாங்காதீர்கள்.

கடுமையான கதை பிஞ்சு மனத்துக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். பாஸ்கா இரவு விருந்தின் முடிவில் உங்கள் வீட்டுக் குழந்தைகள் உற்சாகமாகப் பாடும் ‘ஹத் கத்யா’ (ஒரே ஓர் ஆட்டுக்குட்டி) பாட்டில் பூனை ஆட்டுக்குட்டியைத் தின்கிறது, நாய் பூனையைக் கடிக்கிறது, முடிவை நெருங்கும்போது மரண தூதனே வந்து சேர்கிறான். குழந்தைகள் யாரும் அதற்காக மேசையை விட்டு எழுந்து ஓடுவதில்லை.

இன்னும் சிறியவர்களுக்கு வேண்டுமானால் மறைநூல் விளக்கக் கதைகளான மித்ராஷில் வரும் மோசேயின் ஆட்டுக்குட்டி இருக்கிறது. மந்தையை விட்டு ஓடிய குட்டியை அவர் துரத்திப் போகிறார். அது ஒரு நீர்நிலையருகே நின்று தண்ணீர் குடிப்பதைக் கண்டு, தாகத்தால் ஓடியது எனக்குத் தெரியவில்லையே என்று சொல்லித் தோளில் தூக்கி வருகிறார். மக்களை மேய்க்கும் தகுதி அங்கே தீர்மானமாகிறது. ரபீ அக்கிவா சொன்ன நரியும் மீன்களும் இன்னொன்று: வலைக்குப் பயந்து அலையும் மீன்களிடம், கரைக்கு வந்துவிடுங்கள் என்கிறது நரி, வாழும் இடமே இப்படி அச்சம் தருமானால் சாகும் இடம் எப்படியிருக்கும் என்று மீன்கள் திருப்பிக் கேட்கின்றன. யூத மறைநூலான தோராவைக் கற்பிக்க உரோமர் விதித்த தடையை மீறிய ஒருவர் சொன்ன உவமை அது. மீனின் இடத்தில் சிறுவனை நிறுத்தினால் கதை அங்கேயே இறந்துவிடும். சிரிப்பும் வேண்டுமென்றால் ரபீ பின்ஹாஸ் பென் யாயிரின் கழுதையைச் சேருங்கள்: சத்திரத்தில் வைத்த வாற்கோதுமையை அது தொடவில்லை, சலித்து வைத்தார்கள், தொடவில்லை, பொறுக்கி வைத்தார்கள், அப்போதும் தொடவில்லை, சமயச் சட்டப்படி தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) தனியே எடுத்து வைத்த பிறகுதான் தின்றது.

படங்கள் பற்றியும் ஒரு சொல். கோஷர் அல்லாத (உண்ணச் சட்டம் அனுமதிக்காத) விலங்குகளின் உருவங்களைச் சிறு குழந்தைகளின் கண்ணில் காட்டாதிருப்பதைச் சபாத் என்னும் யூத சமய இயக்கத்தினர் போன்ற சிலர் வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கத்தோடு நான் வாதிட வரவில்லை. அத்தகைய நூலகங்களுக்குக் கன்றும் ஆட்டுக்குட்டியும் புறாவும் உள்ள கதைகளே போதிய அளவு இருக்கின்றன. மற்ற நூலகங்களும் அதையே பாதுகாப்பான வழி என்று எண்ணி நரியையும் கழுதையையும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை. ரபீ மேயிரிடம் 300 நரிக் கதைகள் இருந்ததாகவும் அவற்றில் மூன்றே எஞ்சியதாகவும் தல்மூத் வருந்துகிறது. எஞ்சிய மூன்றையும் நாமே மறைக்க வேண்டுமா?

இனி, நான் சொல்வதாகச் சொன்ன காரணம். பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாக அரபுக்குப் போய் ‘கலீலா வ திம்னா’ ஆயிற்று. ரபீ யோயேல் என்பவரின் பெயரால் அறியப்படும் எபிரேய மொழிபெயர்ப்பிலிருந்துதான் 13ஆம் நூற்றாண்டில், யூதராகப் பிறந்து கிறித்தவரான கபுவாவின் யோவான் அதை இலத்தீனுக்குக் கொண்டுபோனார். ஐரோப்பா அந்தக் கதைகளைப் பெருமளவு அவ்வழியாகவே கேட்டது. அதே நூற்றாண்டில், 1281இல், ஸ்பெயினின் கஸ்தீலியாவைச் சேர்ந்த ஈசாக் இப்னு சஹூலா, அயல் கதைகளில் மயங்குவோருக்கு மாற்றாக எபிரேயத்திலேயே ‘மஷல் ஹக்கத்மோனி’ என்ற கதை நூலை எழுதினார். கடன் வாங்கியவர்களும் கடனை மறுத்தவர்களும் ஒரே மரபில் இருந்திருக்கிறார்கள். ஆகவே ‘இது நம் கதையா?’ என்ற கேள்வியோடு மட்டும் ஒரு நல்ல விலங்குக் கதையைத் திருப்பி அனுப்பாதீர்கள். (இப்னு சஹூலாவின் விலங்குகள் சாத்திரம் கற்ற பண்டிதர்களாகப் பேசுகின்றன, என் சோதனையில் அவற்றில் பல தேறா. அவற்றைப் பெரிய பிள்ளைகளின் பிரிவில் வைத்துக்கொள்ளலாம்.)

பணத்தைப் பொறுத்தவரை, ஹரோல்ட் கிரின்ஸ்பூன் 2005இல் தொடங்கிய பி.ஜே. லைப்ரரி திட்டத்தின்வழி பல வீடுகளுக்கு மாதந்தோறும் இலவசப் படக்கதைகள் போய்ச் சேருகின்றன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வகையை நூலகமும் வாங்கிக் குவிப்பதைவிட, பெற்றோர் தயங்கி ஒதுக்கும் கதைகளுக்கு அந்தத் தொகையைத் திருப்புங்கள். வாங்கியவற்றை ஓரிடத்தில் வையுங்கள்: நூலக எண்ணிடும் முறையான டூயி முறைப்படி தல்மூத் கதைகள் யூத சமயத்துக்குரிய 296இலும் நரிக் கதைகள் நாட்டார் கதைகளுக்குரிய 398.2இலும் பிரிந்துவிடுகின்றன, ரபீ அக்கிவாவின் நரியைத் தேடும் குழந்தை இரண்டு அலமாரிகளுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. எண்ணை மாற்ற இயலாவிட்டாலும், முதுகட்டையில் ஒரே நிற ஒட்டுத்தாளை ஒட்டி அவற்றை ஒரு தட்டில் சேர்த்துவிட முடியும். அடுத்த கொள்முதல் கூட்டத்துக்கு முன்பே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
குழந்தைகள் நூலகப் பணியாளன் ஒருவன்