அத்தைக்கு, அந்த நாலுக்கு ஆறு கோலம் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

மார்கழி பிறந்துவிட்டது. நான் கோலக் கணிதம் பேசிய அந்த அரங்கத்திலிருந்து நீங்கள் எழுந்து போய் ஒரு வருஷம். ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். பேத்தி படித்துக் காட்டுவாள். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். பஸ் ஸ்டாண்டில் நாம் பேசிக்கொண்டதை இங்கே கொண்டுவரவில்லை.

ஆறு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. நிகழ்ச்சிக்காரர்கள் வாங்கி வைத்திருந்த கோலப்பொடியைத் தொடாமல், டப்பாவில் கொண்டுவந்த அரிசிமாவை எடுத்தீர்கள். மேலே கேமரா, திரையில் உங்கள் விரல்கள் மட்டும். நான் மைக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழை குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், நீள அகலத்தின் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், எவ்வளவோ அத்தனை இழை வரும். மூன்றுக்கு ஐந்து என்றால் ஒன்று. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. "இப்போ பாருங்க, தனித்தனியா ரெண்டு வரும்" என்றேன். நீங்கள் கையை எடுக்காமல் ஒரே இழையில் முடித்துவிட்டீர்கள்.

மூலையில், முதல் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் நடுவே, வெட்டாமல் இழை திரும்பியிருந்தது. "அத்தை ஒரு இடத்துல தப்பு பண்ணிட்டாங்க, பரவாயில்லை" என்று சிரித்தேன். கூட்டமும் சிரித்தது. நீங்கள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டீர்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தக் கோலத்தில் வெட்டும் இடங்கள் 38. இரண்டு வேறு இழைகள் வெட்டும் இடத்தில் திருப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே இழை தன்னையே வெட்டும் இடத்தில் திருப்பிப் பயனில்லை. வரிசையின் நட்டநடுவில் கை வைத்திருந்தீர்கள் என்றால் இரண்டும் ஒன்றாகியிருக்காது, அங்கெல்லாம் தன்னையே வெட்டும் இழைதான். முடிச்சுகளின் கணிதத்தில் இது அரிச்சுவடி. நான் படித்துப் பட்டம் வாங்கியதும் அதில்தான். மன்னித்துவிடுங்கள் அத்தை.

ஆனால் எனக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். ஒத்திகையில் மூன்று தடவையும் நான் சொன்னபடி இரண்டு இழையாகத்தானே போட்டீர்கள்? அன்றைக்கு மட்டும் ஏன்? "ஒத்த இழையா வரணும்னு திருப்பினேன்டா" என்று அங்கேயே சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா வைத்திருப்பேன்? சாப்பிடாமல் கிளம்பிப் போய், நான் அவமானப்படுத்தினேன் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறீர்கள். போஸ்டரில் உங்கள் பேர் இல்லாதது என் தப்பில்லை. சரி, பாதி என் தப்பு. பார்த்தேன், கேட்கவில்லை.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரிக் கட்டுரையைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் எழுதியது. சின்னக் கோலம் பெரிய கோலமாக வளர்வதை ஒரு மொழியின் இலக்கணம் போல விதிகளாக்கியிருப்பார்கள். "கோலத்துக்கு இலக்கணமாடா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அவர்கள் வாசலில் இருந்த கோலத்தைப் பார்த்து விதி எழுதினார்கள். நான் விதியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை வரையச் சொன்னேன்.

இந்த வருஷமும் நிகழ்ச்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆறுக்கு ஒன்பது வைத்தால் மூன்று இழை வருகிறது. இரண்டு இடத்தில் திருப்பினால் ஒன்றாகிறது, ஆனால் நான் போட்டதெல்லாம் பார்க்கச் சகிக்கவில்லை. பத்துப் பக்கம் வீணாயிற்று. நீங்கள் எங்கே திருப்புவீர்கள்? என்னிடம் பேச வேண்டாம். வாசலில் போட்டுவிட்டு, எறும்பு வருவதற்குள் பேத்தியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்