ஐப்பசி முதல் தை வரை விடிகாலைப் பேருந்து வேண்டி மனு

அனுப்புநர்
சிறு, குறு விவசாயிகள்,
சாயல்குடி சுற்றுவட்டாரக் கடற்கரைக் கிராமங்கள்,
கடலாடி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: மழைக்காலக் காய்கறிகளையும் பனங்கிழங்கையும் இராமநாதபுரம் உழவர் சந்தைக்குக் கொண்டுபோக, ஐப்பசி முதல் தை முடியும்வரை விடிகாலைப் பேருந்து ஒன்றை எங்கள் ஊர்கள் வழியாக இயக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். நம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும். கரையோர மணற்பாங்கான காட்டில் சித்திரையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. ஐப்பசி மழை இறங்கிய பிறகுதான் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் நிற்கும். அது இருக்கும்வரை தோட்டம் இருக்கும். கையில் நாலு காசு புரளும் மாதங்களும் அவைதான்.

கொஞ்சம் உள்ளே தள்ளிக் கரிசல் பக்கம் போனால், புரட்டாசியிலேயே நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். மிளகாய் நாற்று பாவுவதும் இதையொட்டித்தான். எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அந்தப் பழத்தைப் பறித்து, களத்தில் காயப்போட்டு, வத்தலாக்கி விற்க மாசி, பங்குனி ஆகிவிடும். அதுவரை களையெடுக்கும் கூலிக்கும் உரத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? கொல்லையிலும் வரப்போரத்திலும் காய்க்கிற சுரை, பீர்க்கு, பாகல், சீனி அவரை, தட்டாங்காய், கீரைக்கட்டு, இவற்றை விற்றுத்தான். புயல் எச்சரிக்கை வந்து வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களில், கடலையும் காட்டையும் சேர்த்து நம்பியிருக்கும் வீடுகளில் அடுப்பெரிவதும் இதனால்தான்.

அதலைக்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு மழை பட்டதும் தானே கொடி விடும். பாகலுக்குச் சொந்தம், கசப்பும் அப்படித்தான். விருதுநகர், மதுரைப் பக்கமும் நம் மாவட்டத்திலும் இதற்கென்றே காத்திருந்து வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பறித்துவிட்டால் சீக்கிரமே பழுத்து வெடித்துவிடும். சாயங்காலம் பறித்ததை விடிந்ததும் விற்றால் காசு, மத்தியானத்துக்கு மேல் என்றால் பாதி குப்பைக்குத்தான்.

இப்போதுள்ள முதல் பேருந்து எங்கள் ஊர்ப் பாதை பிரியும் விலக்குக்கு வரும்போது நன்றாகவே விடிந்துவிடுகிறது. இராமநாதபுரத்தில் இறங்கிச் சந்தைக்குள் நுழைவதற்குள் நல்ல வியாபாரம் ஓய்ந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் தொலைதூர வண்டிகள் நிற்பதில்லை. தப்பித்தவறி நின்றாலும் சாக்கு மூட்டையைப் பார்த்ததும் விசில் ஊதிவிடுகிறார்கள். எல்லா நடத்துனர்களையும் சொல்லவில்லை, மூட்டைக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாடகை வண்டி பிடித்தால் காய் விற்ற காசு வாடகைக்கே சரியாகப் போகும். கடைசியில், ஊருக்குள் வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். விவசாயி இடைத்தரகர் இல்லாமல் விற்கத்தான் 1999-இல் உழவர் சந்தைகள் தொடங்கப்பட்டன. எங்களால் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்பதுதான் பிரச்சினை.

புதுப் பேருந்து கேட்கவில்லை ஐயா. சாயல்குடியிலிருந்து புறப்படும் முதல் நடையை அதிகாலை 4.30 மணிக்கு மாற்றி, கடற்கரைக் கிராமங்களுக்குள் வந்து, ஏர்வாடி, கீழக்கரை வழியாக இராமநாதபுரம் போகச் செய்தால் போதும். ஐப்பசி முதல் தை வரை மட்டும். வண்டியின் பின்பக்கம் மூட்டை வைக்க இடம் ஒதுக்க வேண்டும். சுமைக்கு உரிய கட்டணத்தைக் கொடுக்கிறோம். ஆனால் எந்த எடைக்கு எவ்வளவு என்று வண்டியிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள், தினமும் வாக்குவாதம் மிச்சமாகும். மீன் கூடையோடு வரும் பெண்களும் அதே வண்டியில்தான் ஏறுவார்கள். அதை எங்களுக்குள் பேசி அனுசரித்துக்கொள்வோம், அதற்கு மனு தேவையில்லை.

இன்னொன்று, உழவர் சந்தை அடையாள அட்டை. அட்டைக்கு நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்க்கிறார்கள், சரிதான். ஆனால் அதலையும் மிதுக்கங்காயும் தானாக முளைப்பவை, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏறாது. பனங்கிழங்கும் அப்படித்தான். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை மணலில் புதைத்து வைத்தால் மார்கழி, தையில் கிழங்கு தோண்டுவோம். பனை நம் மாநில மரம், அதன் கிழங்கை விற்க எங்கள் அட்டையில் இடமில்லை என்றால் எப்படி? தோட்டக்கலை அலுவலர் ஒருவர் கார்த்திகையில் நேரில் வந்து பார்த்து இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. பனங்கிழங்குக்குப் பொங்கலுக்கு முந்தின வாரம்தான் விலை, பொங்கல் கழிந்தால் கேட்பாரில்லை. எனவே அந்த ஒரு வாரம் மட்டும் காலையில் இன்னொரு நடையும் விட்டால் உதவியாக இருக்கும்.

ஐப்பசி பிறக்க இரண்டு வாரம்கூட இல்லை. கார்த்திகை முடியும்வரை சோதனையாக இயக்கிப் பாருங்கள். எங்கள் ஊர்களில் ஏறுகிறவர்களும் மூட்டைகளும் வண்டிக்குக் கட்டுபடியாகாது என்று தெரிந்தால், நிறுத்திவிடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சம்பந்தப்பட்ட துறைகளுக்கு உத்தரவிட்டு, எடுத்த நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள சிறு, குறு விவசாயிகள்

இடம்: இராமநாதபுரம்
நாள்: 06.10.2025

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பேருந்து வந்து போக வேண்டிய ஊர்களின் வழித்தடக் குறிப்பு