கைநாட்டு தெரியணும் என்று நின்ற மேலூர் அக்காவுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமை செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஊரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மேலூர் பக்கம் எங்கள் அரிட்டாபட்டி மலையையும் சுற்று ஊர்களையும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் ரத்து. பெண்கள் போட்ட குலவை இன்னும் காதிலேயே நிற்கிறது. அப்பத்தா வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். இரண்டரை மாதம் என்ன பாடுபட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். நன்றி சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் மேலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு. பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 23 கிராம சபை முடிந்த பிறகு சுரங்கம் வேண்டாம் என்று ஊரார் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனுக்கட்டோடு அவர் கடைக்குப் போனேன். இருட்டிவிட்டது, பாதிக் கதவை இறக்கிவிட்டார். கெஞ்சித்தான் உள்ளே போனேன். முதல் பிரதி வந்ததும் அடுக்கி வைக்கப் போன என் கையைத் தடுத்தார். "தம்பி, கையெழுத்து விழுந்திருக்கு, கைநாட்டு விழலியே." பார்த்தேன். ஊதா மையில் வைத்த ரேகை எல்லாம் வெறும் மங்கலாக இருந்தது. பரவாயில்லை அக்கா, அசல்தான் இருக்கிறதே என்றேன். "அசல் ஒரு இடத்துக்குத்தான் போகும். மத்த இடத்துல இந்தக் கிழவிக எல்லாம் வரவே இல்லேன்னு ஆயிடும்" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு தாளாக வைத்து, மை அளவைக் கூட்டிக் குறைத்து எடுத்தார். பின்பக்க எழுத்து முன்னால் தெரியாமலிருக்க ஒரு கறுப்புத் தாளை மேலே வைத்தார். சரியாக வராததைக் கசக்கிப் போட்டு மறுபடி எடுத்தார். அவர் போக வேண்டிய பஸ் போய்விட்டது. வீட்டுக்கு ஃபோன் போட்டு "வர நேரமாகும்" என்று மட்டும் சொன்னார். காசு கொடுத்தபோது கெட்டுப்போன தாளுக்கு வாங்கவில்லை.

அந்தக் கட்டில் என் அப்பத்தாவின் பெருவிரலும் இருந்தது. களைவெட்டி வெட்டித் தேய்ந்த விரல். பிரதியில் அதன் கோடுகளை என்னால் எண்ண முடிந்தது.

அரிட்டாபட்டிக் குகையில் 2,000 வருடத்துக்கு முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில், அந்தக் குகையைக் கொடுத்தவர் பேர் வெளியன் என்று வெட்டியிருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த எழுத்துதான். அந்த ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வெட்டிய ஆளும் கோடு ஆழமாக விழுகிறதா என்று குனிந்து பார்த்திருப்பான் இல்லையா?

ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை கூட நடந்தவர்கள், வழியில் தண்ணீரும் மோரும் நீட்டியவர்கள், கடையடைத்த வியாபாரிகள், ஊரூராகச் சமைத்துப் போட்டவர்கள், வக்கீல்கள், மாணவர்கள், 250 வகைப் பறவைகளைப் பல வருடமாகப் பார்த்து எழுதி வைத்தவர்கள், கல்வெட்டைப் படித்துச் சொன்னவர்கள், சட்டமன்றத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள், டெல்லி போய்ப் பேசிய பெரியவர்கள், முன்பு கிரானைட்டுக்காக மலையை வெட்ட வந்தபோதே மறித்து நின்ற எங்கள் மூத்தவர்கள். உங்கள் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

நாங்கள் இதோடு கலைந்துவிடப் போவதில்லை. ஏலம் விட்டது 2,015 ஹெக்டேர். 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக, அதாவது அரிய உயிர்களுக்காகக் காக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்தது அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலும் சேர்த்து 193 ஹெக்டேர்தான். மீதிக் குன்றுக்கும் கண்மாய்க்கும் அந்தப் பேர் இல்லை. அதைக் கேட்டு அடுத்த கிராம சபையில் மனு எழுதுவோம். நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு கூட்டத்தையும் விடமாட்டேன்.

அக்கா, அந்த மனுவையும் உங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவேன். இந்தத் தடவை வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறேன். மலைக்கு வந்ததே இல்லை என்றீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வாருங்கள். லகர் வல்லூறு உட்காரும் பாறை எது என்று காட்டுகிறேன். அப்பத்தா உங்களுக்கென்று ஒரு படி கடலை எடுத்து வைத்திருக்கிறாள்.