காய்ச்சல் விட்ட அன்று

பாப்பா,

நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். வேலையாக இருப்பாய், தெரியும். இங்கே கடலூரில் விடாத மழை, கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவுக்கு சுகர் பரவாயில்லை. எனக்கு நல்ல கொழுப்பு 34தானாம்.

திங்கட்கிழமை "லேசா காய்ச்சல்மா" என்றாய். நேற்றுக் காலை "விட்டுடுச்சு" என்று ஒரே வார்த்தை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

தண்ணீர் நிறையக் குடி. கஞ்சி, இளநீர், எதுவானாலும் குடி. பிளேட்லெட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே, பிசிவியும் பார், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற கணக்கு. உனக்கு எப்போதும் 36. அது 43-ஐத் தாண்டினால் ரத்தத்திலிருக்கும் நீர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். உனக்கே சொல்கிறேன் பார்!

போன பொங்கலுக்குத் திண்ணையில் உட்கார்ந்து நீதானே சொன்னாய். ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் கைகோத்து நிற்கின்றன, அந்தப் பிடி தளராமலிருக்க ரத்தத்திலேயே ஒரு கொழுப்பு ஓடுகிறது, ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்று. சிவப்பணு விடுகிறதாம். பெரும்பகுதி நல்ல கொழுப்பின் மேல் ஏறிப் போகும், மிச்சம் ஆல்புமினோடு. செல்லின் முதல் ஏற்பியில் ஒட்டினால் பிடி இறுகும், இரண்டாவதில் ஒட்டினால் தளரும். ரத்தத்தில் கிருமி பரவி உடம்பெல்லாம் அழற்சியானால் இந்த ஸ்பிங்கோசின் கொழுப்பு குறைந்துபோகும். பிளேட்லெட்டை உசுப்புகிற இன்னொரு கொழுப்பு வந்து பிடியை அவிழ்க்கும். எதிர்வீட்டு வாத்தியாரிடம் அப்படியே ஒப்பித்தேன், அசந்துவிட்டார். இவ்வளவு தெரிந்தவளுக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா?

தண்ணீர் குடித்தாயா? பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தொடாதே. டெங்குவென்று நான் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் கசிகிற நாள். நீ ஏன் இந்தப் படிப்புக்குப் போனாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் தம்பி பேச்சு வரும்.

அன்றைக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தது அப்பா இல்லை பாப்பா. இன்னொரு நாள் இருக்கட்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். அப்பாவும் சரி என்றார். நான்தான், உடம்பு சில்லென்று இருக்கிறதே, இன்னும் எதற்கு வீண் செலவு என்றேன். வயிறு வலிக்குதும்மா என்றான். பசி என்று நினைத்து ரசம் சாதம் பிசைந்தேன். நீ அப்பாவோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாயே, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உனக்கு வயிறு வலிக்கிறதா? அதை மட்டும் எழுது.

அம்மா