ஆண்டறிக்கை 2024–25: வீட்டில் பிள்ளை பார்ப்போர் சங்கம், கடலூர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தாங்கள் பார்க்கும் பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. குழந்தைகள் தினத்தன்று மஞ்சக்குப்பத்தில் விளையாட்டுப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தோம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய ஆண்டுக் கணக்கு உரிய காலத்தில் அனுப்பப்பட்டது.

அக்டோபரில் நம் சங்கத்துக்குப் புதிய திட்ட ஒருங்கிணைப்பாளர் வந்து சேர்ந்தார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "பொதுக்குழுவைக் கேட்காமல் செயலாளர் தன் இஷ்டத்துக்குச் சம்பள ஆள் வைத்துவிட்டார்" என்ற பேச்சு திருப்பாதிரிப்புலியூரில் கிளம்பி, முதுநகர் வரை போய், என் காதுக்கும் வந்தது. நடந்தது இதுதான். ஜூலை மாதம் இதற்கென்றே சிறப்புப் பொதுக்குழு கூட்டினோம். எல்லோருக்கும் போனில் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் போட்டோம். நாற்பத்தொரு உறுப்பினர்களில் வந்தவர்கள் பன்னிரண்டு பேர். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அதன்பிறகு நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது. தீர்மானப் புத்தகம் இந்த மேசையிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அன்றைக்கு வராதவர்கள் இன்றைக்குக் கேள்வி கேட்பதில் எனக்குக் கோபமில்லை, மனவருத்தம் உண்டு.

ஆள் எதற்கு என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்கிறேன். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்குத் தனி அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு உதவிச் சட்டத்தில் 2017இல் சேர்த்தார்கள். நல்ல சட்டங்கள்தான். ஆனால் விடியுமுன்னே துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போகிற மீன்காரம்மாவுக்கு எந்தச் சட்டத்தில் காப்பகம்? நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு, இன்று ஒரு மேஸ்திரியிடமும் நாளை வேறொரு மேஸ்திரியிடமும் போகிற சித்தாளுக்கு? பால்வாடி திறப்பதற்குள் இவர்களின் வேலை பாதி முடிந்துவிடும். அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தட்டுவது நம் கதவைத்தான். நாம் செய்வது சும்மா வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. இதற்குப் பயிற்சி வேண்டும், கூடவே இருந்து கை கொடுக்க ஒருவர் வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் அதைச் செய்து வந்தேன். என் வீட்டிலும் ஐந்து பிள்ளைகள் இருக்கின்றன. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வந்திருப்பவர் பண்ருட்டிப் பக்கத்துக்காரர், நெடுங்காலம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேர்ந்த முதல் மாதம் அவர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று, பிள்ளைகள் வரும் நேரத்துக்கு வந்து, கடைசிப் பிள்ளை போகும் வரை கூடவே இருந்தார். குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்று பயந்து இரண்டு வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாளும் அதே வாசலுக்குப் போய் நின்றார். ஒரு வீட்டில் நம் உறுப்பினர் சோறு ஊட்டி முடிக்கும் வரை இவர் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர்தான் இப்போது அவர் வரவில்லை என்றால் போன் போட்டு விசாரிக்கிறார்.

பிள்ளைப் பதிவேடு பற்றி. இது நான் தொடங்கிய வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் வேலை செய்யும் இடம், இரண்டு போன் எண்கள், யாரிடம் பிள்ளையைக் கொடுக்கலாம், போட்ட தடுப்பூசி, சேராத உணவு என்று எல்லாம் எழுதும்படி நோட்டு அச்சடித்துக் கொடுத்தேன். பாதி நோட்டுகள் வெறுமையாகவே இருந்தன. நீங்கள் அக்கறையில்லாமல் விட்டுவிட்டீர்கள் என்றே நினைத்திருந்தேன். புதியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்வளவு கட்டம் போட்டால் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு யார் எழுதுவார்கள்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எழுதப் படிக்கச் சிரமப்படும் உறுப்பினர்கள் நம்மில் பலர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது ஒரு பிள்ளைக்கு ஒரே அட்டை. அதில் பிள்ளையின் படம், அழைத்துப் போகிறவரின் படம், பெரிய எழுத்தில் இரண்டு எண்கள், பின்பக்கம் தடுப்பூசி அட்டையின் நகல். பிளாஸ்டிக் உறை போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறோம்.

அந்த உறை எவ்வளவு உதவியது என்பது டிசம்பரில் தெரிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை ஓய்ந்தது என்று நாம் மூச்சு விட்ட நேரத்தில், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றோரம் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரிடம் அன்று இரவு இரண்டு பிள்ளைகள் இருந்தன. தாய்மார் இருவருக்கும் இரவு வேலை. உறுப்பினரின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவர் பிள்ளைகளோடு ஆணியில் தொங்கிய அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விட்டார். அங்கே ஒருவருடைய போனை வாங்கி, அட்டையைப் பார்த்து எண்ணைப் போட்டு, விடிவதற்குள் இரண்டு தாய்மாருக்கும் தகவல் சொல்லிவிட்டார். 2004 டிசம்பரில் சுனாமி வந்த அன்று எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரியாமல் நாம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இந்த அறையில் இருக்கிறார்கள். அட்டை மாட்டாத வீடுகள் இன்னும் ஒன்பது இருக்கின்றன. அவர்கள் இந்த வாரத்துக்குள் படம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலுதவிப் பயிற்சிக்கும் முதலில் கூட்டம் சேரவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்றீர்கள். அது நியாயம்தான். ஆகவே ஒருங்கிணைப்பாளர் தெருத் தெருவாக வந்து, நாலைந்து பேரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பொம்மையைக் கொண்டு சொல்லிக் கொடுத்தார். வராதவர்களுக்காக இங்கே ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஏதாவது தொண்டையில் அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் திணறினால், தலை தாழ இருக்கும்படி கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாது, பொருள் இன்னும் உள்ளே போய்விடும். வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நிறைத்து வைத்த வாளியும் அப்படித்தான். தவழும் பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து.

சந்தா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதம் ஐம்பது ரூபாய். பதினேழு பேர் ஆறு மாதத்துக்கு மேல் கட்டவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு போகாது, ஏலம் இருக்காது, தாய்மார் உங்களுக்குக் கொடுக்கவும் வழி இருக்காது. தேவனாம்பட்டினம், தாழங்குடா உறுப்பினர்களுக்கு அந்த இரண்டு மாதச் சந்தாவைத் தள்ளிப் போடலாம் என்று குழுவில் பேசி முடிவு செய்தவளே நான்தான். ஆனால் கட்டாதவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக்காரர்கள் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள். பொருளாளர் மூன்று முறை வீடு தேடி வந்தார். "அடுத்த வாரம் வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியதாகச் சொல்லி அவர் வருத்தப்பட்டார். அவருக்கும் முழங்கால் வலி இருக்கிறது.

வரவு செலவைச் சுருக்கமாகச் சொன்னால், வரவு சந்தாவும் நன்கொடையும், செலவு பயிற்சி, அட்டை, வாடகை, வெள்ள நேரத்தில் பால் பவுடரும் பாயும். தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். கையிருப்பு இருக்கிறது, அதிகம் இல்லை. விவரம் பொருளாளரிடம் கிடைக்கும்.

இடம் கொடுத்த மண்டபத்தாருக்கும், வெள்ளத்தின்போது உதவிய இளைஞர்களுக்கும், தடுப்பூசி நாட்களில் நம் தெருக்களுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளருக்கான சம்பளத்தைச் சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளை ஓராண்டுக்கு மட்டும் ஏற்றிருக்கிறது. வரும் செப்டம்பரோடு அது முடிகிறது. அடுத்து என்ன என்று அவர்களிடம் கேட்டேன். உங்கள் உறுப்பினர்கள் எவ்வளவு போடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். சந்தா நோட்டின் நகலை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இருக்கும் நிலையில் அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, மாத முடிவு வரை நேரம் வாங்கியிருக்கிறேன். ஒருங்கிணைப்பாளரிடம் இதைப் பற்றி நான் பேசவில்லை. அவர் நேற்றும் தாழங்குடாவில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, அங்கே பின்வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தச்சரை அனுப்ப வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பொருளாளர் சந்தா நோட்டோடு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறார். சாப்பாடு முடியும் வரை அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்