சம்பந்தி அம்மா பேசும்போது குறுக்கே வராதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. தண்டையார்பேட்டையில் எல்லாரும் சௌக்கியம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சம்பந்தி அம்மா சீனத்தில் பேச வாயைத் திறந்த உடனே நீ அதைத் தமிழில் சொல்லிவிடுகிறாய். அதை நிறுத்து. உதவி என்று நினைத்துத்தான் செய்கிறாய். ஆனால் என் காதுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

வார்த்தை எனக்குப் பிரச்சினை இல்லை. எச்.எஸ்.கே. என்ற சீன மொழிப் பரீட்சையின் பழைய பட்டியலில் முதல் நிலைக்கு 150 வார்த்தை, இரண்டாம் நிலை வரை 300. முடித்துவிட்டேன். 2021-ல் வந்த புதிய தரத்தில் முதல் நிலைக்கே 500 என்கிறார்கள். பரீட்சை எழுதி நான் என்ன வேலைக்கா போகப்போகிறேன்? அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று நம்மைப் போலவே அவர்களுக்கும் தனித்தனிச் சொல். உறவுமுறையை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். எண்ணுவது பத்தாயிரத்தை வைத்து, அது ஒரு 'வான்'. நம் லட்சம் அவர்களுக்குப் பத்து வான். கணக்கு எழுதியே காலம் தள்ளியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

கேட்பதுதான் பாடாய்ப் படுத்துகிறது. 'மாய்' என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. தனியாகச் சொன்னால் பிடித்துவிடுவேன். பேச்சுக்குள் போனதும் நழுவிவிடுகிறது. இந்தக் குரல் ஏற்ற இறக்கத்தைத்தான் தொனி என்கிறார்கள். மூன்றாம் தொனி, அதாவது அந்தத் தாழ்ந்த குரல், அடுத்தடுத்து இரண்டு வந்தால் முன்னால் இருப்பது ஏறும் குரலான இரண்டாம் தொனியாகிவிடுமாம். வணக்கம் சொல்கிற 'நீ ஹாவ்' கூடப் புத்தகத்தில் ஒரு மாதிரி, வாயில் ஒரு மாதிரி.

தொனியைவிட நமக்குத் தொல்லை மூச்சுதான். 'பாவ்' என்று மூச்சில்லாமல் சொன்னால் வயிறு நிறைந்தது; அதே தொனியில் மூச்சை ஊதிச் சொன்னால் ஓடுவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. சம்பந்தி அம்மா வந்ததுமே கேட்பது வயிறு நிறையச் சாப்பிட்டாச்சா என்றுதான். வாய்க்கு முன்னால் துண்டுப் பேப்பரைப் பிடித்துப் பழகுகிறேன்: ஊதும் ப-வுக்குப் பேப்பர் ஆடணும், மற்றதுக்கு ஆடக்கூடாது. அப்பா பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரே ஆறுதல், பின்யினில், அதாவது சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், 'ஆர்' போட்டு எழுதும் சத்தம் கிட்டத்தட்ட நம் ழ. நம்ம ஏரியாவில் பாதிப் பேருக்கு அதுவே வராது, அது வேறு கதை.

காசிமேட்டு மீன் ஏலத்தில் வெளியூர்க்காரர் வந்து நின்றால் வெறும் கூச்சல்தான் கேட்கும். எனக்கு முதுகைக் காட்டி நின்றாலும் எந்தக் கூடை என்ன விலைக்குப் போகிறது என்று தெரியும். யாரும் மெதுவாக ஏலம் விட்டு எனக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போது நெத்திலி ஆயும்போது ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கை ஈரம், போனைத் தொட முடியாது, அதனால் எழுத்தைப் பார்க்கவும் முடியாது. அதுவே நல்லதாகிவிட்டது. எழுத்து தெரிந்தால் கண் முந்திக்கொள்கிறது. முதலில் எண்கள் பிடிபடுகின்றன, அதிலும் 14-ம் 40-ம் இன்னும் குழப்பம். ஆனால் பாடப் பதிவில் பேசுகிறவர்கள் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசுகிறார்கள். சம்பந்தி அம்மா சிங்கப்பூர்க்காரர் ஆச்சே, ஹொக்கியன் என்கிற இன்னொரு சீனப் பேச்சும் மலாயும் கலந்து வருகிறது. சந்தையை அவர் 'பாஷா' என்கிறார். என் புத்தகத்தில் அந்தச் சொல்லே இல்லை.

அதனால் அவரிடமே கேட்டு வாங்கி அனுப்பு. மீனை எப்படி ஆவியில் வேகவைக்கிறார், காலையில் சந்தையில் யாரோடு பேரம் பேசினார், எதுவானாலும் சரி, வாய்ஸ் மெசேஜாக. எனக்காக நிதானமாகப் பேசவேண்டாம் என்று சொல். மருமகளிடமும் சொல்லிவை: நானாகக் கேட்டால் மட்டும் விளக்கினால் போதும். புரியாமல் தலையாட்டினால் ஆட்டிவிட்டுப் போகிறேன். அவர் கண்டுபிடித்து இன்னொரு தடவை சொல்வார்.

அப்புறம், வீடியோ காலில் பேசும்போது டிவியை அணைத்துவிடு. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரிச் சத்தத்தை நான் இங்கே ஜன்னலைச் சாத்திச் சமாளித்துக்கொள்வேன். உன் கிரிக்கெட்டை என்னால் ஒன்றும் பண்ண முடியாது.

அன்புடன்,
அம்மா